சும்மா வரும் நூறு பேர்

பந்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொன்னம்பலம் அதன் கிழிந்த தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது காயத்துக்குத் தையல் போடும் வளைந்த ஊசி. டிஸ்பென்சரியில் கூர் மழுங்கிவிட்டதென்று கழித்ததை அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுத்து, முடிச்சை ஒரு பக்கமாகத் தள்ளி, விரலால் தடவிப் பார்த்தார். நீர்வேலியில் எந்த மனிதனுடைய தொடைக்கும் இவ்வளவு அழகான தையல் விழுந்ததில்லை.

படலையைத் தள்ளிக்கொண்டு சண்முகநாதன் வந்தார். உதைபந்தாட்ட லீக் ஆட்டங்கள் நடக்கும் முப்பது பரப்புக் காணிக்குச் சொந்தக்காரர்.

"என்ன காணும், பந்துக்கும் வைத்தியமோ?"

"இருங்கோ அண்ணை."

"இருக்க வரேல்லை. மருமகன் வாழை வைக்கப்போறன் எண்டு நிக்கிறான். செம்மண், பக்கத்திலை கிணறு. வாழைக்கெண்டே கிடக்கிற காணி. அதிலை ஏழு வருசமாய் இருபத்திரண்டு பேர் ஓடித்திரியிறாங்கள். ஆர் பாக்கிறது?"

"சனம் வருகுதுதானே."

"ஆர் சனம்? கோல் காக்கிறவன்ரை தகப்பன். பின்னுக்கு நிக்கிறவன்ரை மாமன். முன்னுக்கு ஓடுறவன்ரை மச்சான்மார் மூண்டு பேர். உவையைச் சனம் எண்டு சொல்லலாமே? உவை வீட்டுக்காரர்." சண்முகநாதன் தோளில் கிடந்த துவாயால் கழுத்தைத் துடைத்தார். "ஒருக்கால் நானும் வந்து பாத்தனான். நீலக்கடல் ரெண்டு கோல் போட்டு வெண்டது. என்ரை கண்ணாலை பாத்தனான். புதன்கிழமை கேட்டால் பசுங்கொடி வெண்டதாம். என்னெண்டு?"

"பெட்டிசம் போட்டவை, அண்ணை."

"என்ன பெட்டிசம்?"

"நீலக்கடல் கோல் காக்கிறவரின்ரை காற்சட்டை விதிப்படியான நிறமில்லை."

சண்முகநாதன் துவாயை உதறித் தோளில் போட்டார். பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னார். அடுத்த மாதம் இறுதியாட்டம். கழகத்தில் இல்லாத, ஆடுபவர்களுக்குச் சொந்தமில்லாத, சும்மா பார்க்க வரும் சனம் நூறு பேர் வந்தால் அவர் கண்ணை மூடும்வரை காணி லீக்குக்கு. வராவிட்டால் அடுத்த நாள் காலையில் வாழைக்குக் கிடங்கு வெட்டுவார்.

"சொன்னால் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னம்பலத்துக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு ஆட்டத்தில், அதுவும் ஒருவனுக்கு வயிற்றோட்டம் வந்தபடியால், பதினொரு நிமிடம் ஆடியவர். பதினோராவது நிமிடத்தில் முழங்கால் பிரண்டது. அதன்பிறகு அவர் பந்தைக் காலால் தொட்டதில்லை. கையால்தான் தொட்டார்: காற்றடித்தார், எண்ணெய் பூசினார், தைத்தார். 1957இல் லீக் தொடங்கியபோது செயலாளராக வேறு ஒருவரும் முன்வரவில்லை. ஏழு வருடமாக அந்தப் பதவிக்குப் போட்டியுமில்லை. மகளின் கலியாணத்தன்று தாலி கட்டிய கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரையிறுதிக்குப் போனவர் என்று சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த லீக் இல்லாமல் போனால் அவருக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் இல்லை.

பகலில் அவர் டிஸ்பென்சரியில் சிவப்பு மிக்சரையும் வெள்ளை மிக்சரையும் போத்தல்களில் ஊற்றிக் கொடுப்பார். வெளியே நீண்ட வாங்கில் சனம் மூன்று மணித்தியாலம் வாய்திறக்காமல் இருக்கும். இருமலுக்கு இப்படிக் காத்திருக்கும் சனம் ஒன்றரை மணித்தியாலம் பந்துக்கு வராதா என்று அவர் நினைத்துக்கொள்வார்.

லீக்கின் செயற்குழு கூடியது. தலைவர் தம்பிஐயா ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். மேசையில் ஒரு மணி வைத்திருப்பார். அதை அடிக்காமல் ஒருவரும் பேசக்கூடாது. 'சும்மா சனம்' என்றால் யார் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்றார் அவர். இரண்டு தலைமுறைக்குள் சொந்தமில்லாதவர் என்று ஒருவர் பிரேரித்தார்.

"அப்பிடிப் பாத்தால் நீர்வேலியிலை ஒரு குஞ்சும் தேறாது" என்றார் பொன்னம்பலம்.

"மணி அடிச்சுப்போட்டுக் கதையும், செயலாளர்."

பொன்னம்பலம் மணியை அடித்துவிட்டு அதையே திரும்பச் சொன்னார். கொண்டான் கொடுத்தான் வழியில் வந்தவர்களைச் சும்மா சனமாக ஏற்பதென்று தீர்மானமாயிற்று. அடுத்தது கச்சான் கடலை விற்கும் பெண். அவர் பார்க்க வருபவரா, விற்க வருபவரா? ஒன்றேகால் மணித்தியாலத்தின் பின் அவரை அரை ஆளாகக் கணிப்பதென்று முடிவெடுத்தார்கள். அந்த நூறு பேரை எப்படி வரவைப்பதென்ற விடயத்துக்கு வருவதற்குள் தம்பிஐயாவின் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டீசு ஒட்டுவதென்று எழுந்து நின்றபடியே தீர்மானித்தார்கள்.

'அனைவரும் வருக' என்று மஞ்சள் தாளில் அடித்த நோட்டீசை நீர்வேலிச் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையம்வரை பொன்னம்பலமே பசை பூசி ஒட்டினார். அதற்கடுத்த சனிக்கிழமை அரையிறுதிக்கு வந்தவர்கள் வழக்கமான வீட்டுக்காரரும் இரண்டு பசுமாடுகளும்.

திங்கட்கிழமை மருந்து ஊற்றும் யன்னலால் தலையை நீட்டி வாங்கில் இருந்தவர்களிடம் கேட்டார்.

"நோட்டீசு பாத்தனியளே?"

"பாத்தனாங்கள். வடிவான நோட்டீசு."

"அப்ப ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

வாங்கு முழுவதும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கடைசியில் ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, ஐயா."

வீட்டுக்கு வந்து இதை மனைவி பராசக்தியிடம் சொன்னார். அவர் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு விசரே? மதிலைப் பாத்து ஆரும் வருவினமோ? மதிலுக்கு எல்லாரும் ஒண்டு. 'வீடு தேடி வந்து சொன்னவர்' எண்டால்தான் போவினம்."

"உது பந்து விளையாட்டு, பராசக்தி. கலியாணமில்லை."

"எதெண்டாலும் சொல்லாத இடத்துக்குப் போறது மரியாதையில்லை. சனம் வேணுமோ, வேண்டாமோ?"

சனம் வேண்டும். பொன்னம்பலம் பித்தளைத் தட்டத்தைப் புளிபோட்டு மினுக்கி, வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம் வைத்து, சைக்கிளில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். வேலை முடிந்து பதின்மூன்று மாலைகள் திரிந்தார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடிக்க வேண்டியிருந்தது. ஒழுங்கையில் முன்வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் பின்வீட்டுக்கு வந்தார் என்று ஒரு வீட்டில் கோபித்தார்கள். அடுத்த ஒழுங்கையில் பின்வீட்டிலிருந்து தொடங்கினார், அங்கும் கோபித்தார்கள்.

காது கொஞ்சம் மந்தமான இரத்தினம்மா அவரை இருத்தி வைத்து விசாரித்தார்.

"ஆருக்கும் ஆருக்கும், தம்பி?"

"நீலக்கடலுக்கும் பசுங்கொடிக்கும், அக்கா."

"பொருத்தமெல்லாம் பாத்தாச்சோ?"

"ரெண்டும் நல்ல பலம்தான்."

"மாப்பிள்ளை பகுதி எவடம்?"

பொன்னம்பலம் களைத்திருந்தார். "ரெண்டு பகுதியும் மாப்பிள்ளை பகுதிதான், அக்கா."

இரத்தினம்மா வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "காலம் அப்பிடிப் போகுது. என்ன செய்யிறது, நல்லாயிருக்கட்டும்" என்றார். வருவதாகவும் சொன்னார்.

இறுதியாட்டத்தன்று பின்னேரம் மூன்று மணிக்கே சனம் வரத் தொடங்கியது. பட்டுச் சேலை, சரிகைச் சால்வை, குடை, கைக்குழந்தை. தம்பிஐயா மேளத்துக்கு ஆள் பிடித்திருந்தார். வாடகைக் கதிரைகள் நூற்றைம்பது போட்டிருந்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். ஆட வந்த இளைஞர்களும் அதே வாசலால் வந்தபடியால் அவர்களுக்கும் சந்தனம் பூசப்பட்டது. வாசலுக்குப் பக்கத்தில் சண்முகநாதன் கதிரை போட்டிருந்து, பாக்கை ஒவ்வொன்றாக ஒரு பெட்டிக்குள் போட்டு ஆள் எண்ணினார். வீட்டுக்காரர் வந்தால் பாக்குப் போடவில்லை. கச்சான்காரிக்குப் பாக்குவெட்டியால் ஒன்றைப் பாதியாக வெட்டிப் போட்டார்.

மூன்றரைக்குப் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார்.

"நூற்றி அறுபத்திமூண்டரை" என்றார். பொன்னம்பலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிப்போய்ச் சண்முகநாதனுக்கு ஒரு சோடா கொடுத்தார்.

பிறகு பேச்சுக்கள். தலைமையுரை ஐம்பது நிமிடம். வரவேற்புரை அதற்குப் பிறகுதான், ஏனென்றால் தலைவரை முதலில் வரவேற்க மறந்துவிட்டார்கள். விருந்தினர் நாலு பேருக்கும் மாலை விழுந்தது. நாலு பேரும் நேரம் போதாதென்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசினார்கள். கேசரியும் சோடாவும் சுற்றி வந்தன. ஐந்தேகாலுக்கு மத்தியஸ்தர் வின்சன்ற் விசிலை வாயில் வைத்தார்.

சனம் எழும்பியது.

கேசரி வந்து, மேளம் நின்று, பேச்சு முடிந்தால் முகம் காட்டியாயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேலும் இருந்தால் சாப்பாட்டுக்கு நிற்பதாக நினைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமாக வாசலுக்கு வந்தது. அழைத்தவர் என்ற முறையில் பொன்னம்பலம் அங்கே நின்று கைகூப்பி வழியனுப்ப வேண்டும். பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"அப்ப நாங்கள் வெளிக்கிடுவம், தம்பி" என்றார் இரத்தினம்மா.

"இப்பதான் தொடங்குது, அக்கா. கொஞ்சம் இருங்கோவன்."

"இல்லை, இருட்டிப் போடும். எல்லாம் வடிவாய் நடந்துது. ஒரு குறையுமில்லை."

அவர் முதுகுக்குப் பின்னால் நீலக்கடல் ஒரு கோல் போட்டது. அதைப் போட்டது யார் என்று பொன்னம்பலத்துக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்காரர் போட்ட கூச்சலை மட்டும் கேட்டார்.

வெளிச்சம் மங்க ஆட்டம் முடிந்தது. விசில் ஓய்வதற்குள் பசுங்கொடிக் காரியதரிசி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துவிட்டார். எதிரணியினர் நெற்றியில் சந்தனத்தோடு தலையால் அடித்தபடியால் பந்து வழுக்கித் தங்கள் கோலுக்குள் போயிற்றென்றும், ஆகையால் அந்தக் கோல் செல்லாதென்றும் பெட்டிசம். தம்பிஐயா அதை வாங்கி, விசாரணைக்குத் திகதி குறிப்பதாக அறிவித்தார். யார் வென்றதென்று அன்றைக்கும் தெரியவில்லை.

சண்முகநாதன் கதிரையைவிட்டு எழும்பினார்.

"பந்து உருளேக்கை இருந்த சும்மா சனம் எத்தினை பேர் தெரியுமே? ஏழு. அதிலை ரெண்டு பேர் கதிரைக்காரரின்ரை ஆக்கள். ஏத்திக்கொண்டு போக நிண்டவை."

"நூறு பேர் வந்தால் போதும் எண்டுதானே சொன்னியள், அண்ணை?"

"சும்மா பாக்க வாற சனம் எண்டு சொன்னனான். உவை சும்மாவும் வரேல்லை, பாக்கவும் இல்லை."

பொன்னம்பலம் காலிக் கதிரை ஒன்றை மடக்கினார். மனிதர் சொன்னது சரி. தம்பிஐயா மட்டும் இதற்கெதிராக ஒரு பெட்டிசம் போடலாம் என்றார்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குச் சண்முகநாதனும் மருமகனும் மண்வெட்டிகளோடு காணிக்குள் இறங்கினார்கள். கோல் கம்பங்கள் லீக்கின் சொத்து. வெட்டுகிறவர்கள் அவற்றைச் சரித்து உடைப்பதற்குள் பிடுங்கி எடுத்துவிட வேண்டுமென்று பொன்னம்பலம் இரும்பு அலவாங்கோடு போனார். வின்சன்ற் கைவண்டில் கொண்டுவந்தார்.

முதற் கம்பத்தின் அடியைக் கிளறும்போது வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. பிறகு நாலு தலை. பால்போத்தலோடு போனவர்கள் நின்றார்கள். சைக்கிளில் போனவர்கள் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார்கள். நேற்றுப் பட்டு வேட்டியில் வந்தவர்கள் இன்று சாரத்தோடு, வாயில் வேப்பங்குச்சியோடு வந்தார்கள். ஒருவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை. முதற் கம்பம் ஆடத் தொடங்கியபோது வேலியோரம் முழுவதும் ஆளாக நின்றது.

"இடப்பக்கம் தள்ளு, பொன்னம்பலம். இடப்பக்கம்."

"வின்சன்ற் பலம் போடேல்லை. காலமை சாப்பிடேல்லைப் போலை."

"வலப்பக்கம் கல்லுக் கிடக்கு, பாத்து."

கம்பம் மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது கைதட்டினார்கள். அந்தக் காணியில் ஏழு வருடத்தில் விழுந்த மிகப் பெரிய கைதட்டு அதுதான். பொன்னம்பலம் பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்தார். பிறகு கிடங்கு வெட்டிக்கொண்டிருந்த சண்முகநாதனிடம் போனார்.

"அண்ணை, நூற்றி நாப்பது பேர்."

சண்முகநாதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். "ஓம். நானும் எண்ணினனான்" என்றார். குனிந்து கிடங்கு வெட்டுவதைத் தொடர்ந்தார்.

"மற்றக் கம்பங்கள் எத்தினை மணிக்கு?" என்று வேலியிலிருந்து ஒருவர் கேட்டார். "வீட்டை ஒருக்கால் போட்டு வரலாமோ?"

"எட்டுக்குள்ளை முடிச்சுப்போடுவன்" என்றார் பொன்னம்பலம்.

"அப்ப நிண்டு பாத்துக்கொண்டே போவம்."

ஒருவரும் போகவில்லை. நாலாவது கம்பமும் கீழே கிடந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினார்.

"வண்டிலிலை ஏத்த வேணும். ரெண்டு பேர் உள்ளை வந்து ஒரு கை பிடியுங்கோவன்."

வேலி முழுவதும் அரை அடி பின்வாங்கியது.

"நாங்கள் சும்மா பாக்க வந்தனாங்கள், அண்ணை" என்றார் முன்னால் நின்றவர், மரியாதையாக.

பொன்னம்பலம் ஒரு முனையையும் வின்சன்ற் மறுமுனையையும் பிடித்து நாலு கம்பங்களையும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். முதல் வரிசைக் கிடங்குகளில் வாழைக்குட்டி வைத்து மருமகன் மண் இழுத்துக்கொண்டிருந்தான். பொன்னம்பலம் வண்டிலை முன்னால் இழுக்க, வின்சன்ற் பின்னால் தள்ள, சனம் விலகி வழிவிட்டது.