சாம்பிளுக்கு வச்ச மேகம்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே 'வேற வேலை இல்லையா'ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறவ நான். இப்பவும் மந்திரிச்ச கயிறு, தகடு எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா இதைச் சொல்லும்போதே பாருங்க, கையெல்லாம் புல்லரிக்குது. நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க.

புத்தூர்ல நானும் எங்க வீட்டுக்காரரும் ஸ்டூடியோ வச்சிருக்கோம். படம் எடுக்கறது அவர், கம்ப்யூட்டர் வேலை என்னுது. இப்பல்லாம் ஒரே பட்டன்தாங்க, அமுக்கினா ஆளை மட்டும் விட்டுட்டு பின்னாடி இருக்கற சுவரு, மரம், மாடு எல்லாத்தையும் அழிச்சிடும், அப்புறம் நாம வேணுங்கறதை வச்சுக்கலாம். பாஸ்போர்ட் சைஸுக்கு வெள்ளை. செத்தவங்களுக்கு மேகமும் குத்துவிளக்கும்.

அன்னிக்கு மத்தியானம் துறையூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. அப்பா தவறிட்டாரு, காரியத்துக்குப் பெரிசா படம் போடணும், மேகம் வச்சா எப்படி இருக்கும்னு முதல்ல காட்டுங்கன்னாரு. அப்பா போட்டோ தங்கச்சி போன்ல இருக்காம், இன்னும் அனுப்பல. நான் ஒரு அவசரக்குடுக்கை. கம்ப்யூட்டர்ல கைக்குக் கிடைச்ச எங்க வீட்டுக்காரர் படத்தை எடுத்து, மேகத்தை வச்சு, ரெண்டு பக்கமும் விளக்கையும் வச்சு, 'இப்படி வருங்க'ன்னு காட்டிட்டேன். எந்தப் பொண்டாட்டியாவது செய்வாளா, சொல்லுங்க? எங்க வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துட்டு, "பரவால்லயே, களையாத்தான் இருக்கேன்"னு சிரிக்கிறாரு. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு, உடனே அழிச்சிட்டேன்.

அடுத்த வாரம் ஏதோ விண்ணப்பத்துக்கு அவருக்கே ஒரு பாஸ்போர்ட் சைஸ் வேண்டியிருந்துச்சு. ஸ்டூல்ல உட்கார வச்சு நானே எடுத்தேன், பட்டனை அமுக்கினேன். ஆளைக் காணோங்க! அவரையும் சுவரோட சேர்த்து அழிச்சிட்டு, வெறும் ஸ்டூலை மட்டும் வெட்டிக் கொடுத்திருக்கு. வேற சட்டை போடச் சொல்லி எடுத்தேன், பழைய படமெல்லாம் போட்டுப் பார்த்தேன். மத்தவங்க எல்லாரும் முடி பிசகாம வர்றாங்க, இவர் மட்டும் வரல. கல்யாணப் படத்துல நான் மாலையோட நிக்கிறேன், பக்கத்துல ஒண்ணுமே இல்ல. ஐயோ, என் கையாலயே அவருக்கு மேகத்தை வச்சேனே!

அவர்கிட்ட எதுவும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய் ஈசிஜி, ரத்தம், ஸ்கேன் ஒண்ணு விடாம எடுத்தேன். "அவர் நல்லா இருக்காரும்மா, உங்களுக்குத்தான் பி.பி. ஏறிக்கிடக்கு"ன்னாரு டாக்டர். அவர் கண்ணசந்தா போதும், மூக்குகிட்ட விரலை வச்சுப் பார்ப்பேன்.

தாங்க முடியாம ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தாயார் சன்னதியில நின்னு, 'அவருக்கு வர்றது எதுவா இருந்தாலும் எனக்கு வரட்டும் தாயே'ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அவர் என்னன்னு கேட்டாரு, ஒண்ணுமில்லைன்னேன். ராஜகோபுரத்துகிட்ட பூக்கார அக்காகிட்ட போனைக் கொடுத்து ரெண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்கிட்டோம், அவர் என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நின்னாரு.

கடைக்கு வந்ததும் அந்தப் படத்தைப் போட்டு பட்டனை அமுக்கினேன். கோபுரம் போச்சு, கூட்டம் போச்சு, அவர் நிக்கிறாரு! மீசை, கண்ணாடி, சட்டைப் பையில இருந்த பேனா வரைக்கும் அப்படியே வந்திருச்சு. "அப்பாடா"ன்னு கத்திப்புட்டேன். அப்புறம்தாங்க பார்த்தேன், நான் இல்ல. தோள்ல போட்ட அவர் கை மட்டும் அந்தரத்துல நிக்குது.

அன்னிலேர்ந்து பட்டனை அமுக்கினா எந்தப் படத்துலயும் நான் வரல. சத்தியமா சொல்றேன், உங்க போன்ல எடுத்தாலும் அதே கதிதான். இப்ப தினமும் மத்தியானம் அவரை உட்கார வச்சு கம்ப்யூட்டர் வேலை சொல்லிக்கொடுக்கறேன். பட்டன் இல்லாம, கையாலயே ஓரம் பிடிச்சு ஆளை வெட்டி எடுத்து மேகத்துல வைக்கறது எப்படின்னு. என் படத்தை வச்சுத்தான் பழகறாரு. "பட்டன்தான் இருக்கே, இது எதுக்கு எனக்கு?"ன்னு கேக்கறாரு.