வெள்ளத்தில் போட்ட ஹேஷ்டேக்

குமாரபாளையத்தில் நாங்கள் விற்கும் துண்டுகளுக்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுவது என் வேலை. காவிரியில் வெள்ளம் வந்த அன்று, எல்லோரும் தேடிக்கொண்டிருந்த வெள்ளச் செய்தி ஹேஷ்டேக்கை எங்கள் துண்டுப் படங்களிலும் சேர்த்தேன். பார்வைகள் குவிந்தன. மாலையில், விளம்பரத்திலிருந்த எண்ணுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

“ஏனுங்க, ஆத்தோரத்துச் சனங்கள எந்த மண்டபத்துல வெச்சிருக்காங்க? அம்மா போன எடுக்கமாட்டேங்கறாங்க. அந்த ஹேஷ்டேக்குல தேடுனா உங்க துண்டுதானுங்க வந்துட்டே இருக்குது.”

பதிவுகளை நீக்கினேன். அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைந்தேன். ஒருவழியாக அவரைக் கண்டுபிடித்து, மகளை அழைத்து என் போனைக் கொடுத்தேன். பேசி முடித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கோணும் சாமி.”

மகள் என் விளம்பரத்தைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை போலும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.