கடிபடக் காத்திருந்தவர்

கோரிப்பாளையம் சிக்னலில் நின்று டவுன் பஸ்களையே அதட்டும் போக்குவரத்துக் காவலர் அவர். கால்நடை ஆஸ்பத்திரியில் நான் என் பூனையோடு காத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தடித்த மீசை, காக்கி உடுப்பு, மடியில் ஒரு செருப்பு டப்பா. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு வெளிநாட்டு ஓணான் குட்டி. அதன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தன் சுட்டுவிரலை அதன் வாயருகே கொண்டுபோனார். அது கவ்விப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டது.

"கடிக்காதா சார்?" என்றேன்.

"கடிச்சாத் தேவலையே. தாடை ரப்பராட்டம் இருக்கு. பூச்சிய கால்சியம் பொடியில பிரட்டிக் குடுங்கன்னு கடைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பொடி பட்டா இது மூஞ்சியத் திருப்பிக்கிரும். பிள்ள பட்டினி கெடக்குமேன்னு வெறும் பூச்சியவே குடுத்துட்டேன். எலும்புக்குச் சத்தே போகல."

"இப்பப் பொடியோட திங்குதா?"

"நல்லா பசிக்க விட்டாத் திங்குது. எனக்குத்தான் அம்புட்டு நேரம் மனசு பொறுக்கல."

டாக்டர் கூப்பிட்டதும் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இன்றும் அந்த சிக்னலில் அவர் கைகாட்டி வண்டிகளை நிறுத்தும்போது, என் கண் அந்தச் சுட்டுவிரலைத்தான் தேடுகிறது. அதில் ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டியிருக்கக் கூடாதா?