கிணற்றடிப் பெண்ணுக்கு ஒரு கட்டில்

"இடது பக்கம் ஒடி... வரட்டும், வரட்டும்... இன்னும் கொஞ்சம்... போதும்!"

அப்பா நாற்காலியின் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மகள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். தொலைக்காட்சித் திரையில் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்த சின்ன மரக்கட்டில் ஜன்னலோரம் இறங்கி உட்கார்ந்தது.

"கதவைத் திறந்து பாரு பாப்பா."

திறந்தாள். கதவு கட்டிலை உரசாமல் முழுக்கத் திறந்தது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா! லோடு ஏத்தின வண்டியையே முட்டுச்சந்துக்குள்ள விட்டவன்மா நான்."

"கட்டிலை விட்டது நானு."

"கிளீனர் தட்டாம டிரைவர் என்ன கிழிப்பான்?"

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அப்பா லாரி ஓட்டுநர். மீசை முளைக்கும் முன்பே கிளீனராக வண்டி ஏறியவர், முட்டி தேய்ந்த பிறகுதான் இறங்கினார். பின்னோக்கி எடுக்கும் வண்டிக்குக் கிளீனர் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டினால் போகலாம். அந்தப் பழக்கம் கடைசிவரை கையை விட்டுப் போகவில்லை. சாப்பாடு போதும் என்றாலும் தட்டில் ஒரு தட்டுதான்.

ஓட்டிய காலம் முழுக்க, வீடு என்பது அவர் குளித்துச் சாப்பிட்டுத் துணி மாற்றிக்கொண்டு கிளம்பும் இடம். பல் தேய்க்கும் பிரஷ்கூட லாரியில்தான் இருக்கும். மகள் பிறந்தபோது சிமென்ட் லோடோடு ஏதோ மலைப்பாதையில் இருந்தார். அவளுடைய பள்ளி ஆண்டுவிழாப் படம் எதிலும் அவர் இல்லை. போன் செய்தால் மட்டும் ஒரே பதில், "வந்துட்டேன், வந்துட்டேன்." சொல்லும்போது இரண்டு மலை தாண்டி நிற்பார். லாரி நிறுத்தத்தில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது.

"எங்கடா வந்துட்டேன்?"

"இன்னும் வரல."

மகளுக்கு மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. தனக்காக வாங்கிய ஒரு வீடியோ விளையாட்டை, சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கையில் கொடுத்தாள். வாள், மந்திரம், வானத்தில் தீ கக்கும் டிராகன், அழியப்போகும் உலகம். அப்பா முதல் ஓநாயைக் கண்டதும் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்.

"நீங்கதான்ப்பா வீரர். உலகத்தைக் காப்பாத்தணும்."

"வேற ஆளே கிடைக்கலியா அவங்களுக்கு?"

பிறகு அந்த விளையாட்டுக்கு ஒரு கூடுதல் பகுதி வந்தது. அதில் சொந்த நிலத்தில் வீடு கட்டலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், ஆதரவற்ற குழந்தையைக் கூட்டிவந்து வளர்க்கலாம். மகள் படித்துச் சொல்லச் சொல்ல அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று முதல் டிராகன் அதன் பாட்டுக்கு வானத்தில் சுற்றியது. அப்பா மரம் அறுத்தார், களிமண் தோண்டினார், கதவுக்குக் கீல் அடித்தார். உலகத்தையே சுற்றிவர ஒரு குதிரை வண்டி கொடுத்தும், அந்த மனிதர் வாசலைத் தாண்டவில்லை.

"இங்க குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. மேஸ்திரி அங்க மாளிகை கட்டுறாராம்," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"ஏய், வந்து பாரேன், தூணு எப்படி நிக்குதுன்னு!"

அம்மா எட்டிப் பார்த்தாள். "துணி காயப்போடக் கொடி எங்க?"

கொடி இல்லை. அந்த உலகத்தில் யாரும் துணி துவைப்பதில்லை.

"வெளங்கிடும்," என்று உள்ளே போனாள்.

கல்யாணத்தை மட்டும் அப்பா தொடவில்லை. ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி சம்மதம் என்று தலையாட்டியும் கும்பிடு போட்டுவிட்டார். "வீட்டம்மா கரண்டியோட நிக்கும்போதேவா?"

வேறு வழியில்லாமல் விளையாட்டின் கோட்டை ஊருக்குச் சாமான் வாங்கப் போனபோதுதான் கிணற்றடிப் பெண்ணைப் பார்த்தார். ஏழெட்டு வயதிருக்கும். பக்கத்தில் ஒற்றைக் காது ஆட்டுக்குட்டி. பேச்சு ஆங்கிலம் என்பதால் மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

"என்ன கேக்குது?"

"உங்க வீட்டுல எனக்கு இடம் இருக்குமான்னு கேக்குறாப்பா."

"இதென்ன கேள்வி! இருக்குன்னு சொல்லு. பெரிய வீடும்மா!"

மகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வாசகம் வந்தது. அவள் படிக்கத் தயங்கினாள்.

"என்ன போட்டிருக்கு?"

"உங்கள் வீட்டில் குழந்தைக்கு இடமில்லைன்னு."

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கேட்டுக்குங்க. மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு!"

அப்பா சிரிக்கவில்லை.

மகள் திரையில் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது பிழை பிடிபட்டது. வீட்டின் மூன்று பக்கமும் மூன்று கட்டடம் சேர்க்கலாம். எதைச் சேர்ப்பது என்பது கட்டுபவர் விருப்பம், ஆனால் சேர்த்ததை மாற்ற முடியாது. அப்பா முதல் பக்கம் லாயம் கட்டியிருந்தார். இரண்டாவது பக்கம் கிடங்கு. மூன்றாவது பக்கம் பட்டறை. நடுவில், வண்டி ஒரே வளைவில் திரும்பி ரோட்டைப் பார்த்து நிற்க அகலமான முற்றம். எந்த நேரமும் கிளம்பத் தோதான, அருமையான லாரி ஷெட். படுக்கையறை மட்டும் இல்லை.

"ஃபைல்ல ஒரு வரி மாத்தினா போதும்ப்பா. லாயம் போயிடும், ரூம் வந்துடும்," என்றாள்.

"பர்மிட் இல்லாத லோடு மாதிரியா?"

"அப்படித்தான்."

"வேணாம். வேற வழி?"

வெறும் நிலமாக இருந்தபோது சேமித்த பழைய ஆட்டம் ஒன்று இருந்தது. அங்கே திரும்பினால் கட்டியதெல்லாம் போய்விடும். தூண், லாயம், செல்லமாக வளர்த்த சாம்பல் குதிரை, எல்லாம்.

அப்பா தாடையைச் சொறிந்தார். "தப்பு ரோட்டுல நூறு மைல் வந்துட்டோம்னு அந்த ஊர்லயே குடியிருக்க முடியுமா? திருப்பு வண்டியை!"

அடுத்த வாரங்களில் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மகள் வேலை முடிந்து மடிக்கணினியை மூடும் முன்பே அப்பா கூப்பிடுவார். "பாப்பா, ஆணி தீந்துபோச்சு!" இந்த முறை படுக்கையறைதான் முதலில். அடுத்து சமையலறை. லாயத்துக்குப் பதில் கூரை போட்ட ஒரு சார்ப்பு. அம்மாவும் ஈரக் கையோடு வந்து நிற்கத் தொடங்கினாள்.

"கட்டிலை அடுப்புச் சுவரை ஒட்டிப் போடாதீங்க. புள்ளைக்குப் புழுங்கும். ஜன்னல் பக்கம் போடுங்க."

"ஜன்னல் பக்கம் கதவு இடிக்குமே!"

"இடிக்காம போடுங்க. எத்தனை வருஷம் வண்டி ஓட்டினீங்க?"

அதனால்தான் அந்த ஞாயிறு காலை அத்தனை தட்டும் அத்தனை ஆரவாரமும். கட்டில் உட்கார்ந்ததும், திரையின் ஓரத்தில் மகள் காத்திருந்த வாசகம் வந்தது. குழந்தைக்கு இடம் தயார். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். "ஏய், இடம் இருக்காம்! மெஷினே சொல்லிடுச்சு!" அம்மா அடுப்படியிலிருந்தே, "இப்பவாவது சொல்லுச்சே," என்றாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவரே குதிரை வண்டியைக் கிளப்பினார். ஊருக்குப் பாதி வழியில், ஆற்றுப் பாலம் தெரியும்போது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஆறிப்போகுதுங்க!"

"வந்துட்டேன், வந்துட்டேன்." மகளிடம் திரும்பி, "சேமிச்சு வை பாப்பா. சாப்பிட்டதும் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தார். எழுந்திருக்கவில்லை. மருத்துவர் இதயம் என்றார்.

வந்தவர்களெல்லாம் போய் வீடு காலியான பிறகு, ஒரு பிற்பகலில் மகள் அந்த ஆட்டத்தைத் திறந்தாள். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி எங்க நிக்குது?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம்."

"அந்தப் பொண்ணு?"

"கிணத்தடியிலதான்மா. கூட்டிட்டுப் போற வரைக்கும் அங்கயேதான் இருப்பா."

அம்மா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். "வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"அந்தப் பொண்ணு இருக்கிற ஊரைப் பாத்து."

"வீட்டைப் பாத்துத் திரும்பிடலையே?"

"இல்லம்மா. ஊரைப் பாத்துதான்."

அம்மா தலையாட்டினாள். அப்பாவின் நாற்காலியில் உட்காரவில்லை, அதன் கையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டவில்லை. மகளும் பொத்தானை அழுத்தவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் போர்வை விரித்தபடி இருக்கிறது. கதவு இடிக்காது. கிணற்றடியில் ஆட்டுக்குட்டியோடு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், கூட்டிவர வேண்டும்.