பச்சைக்குள் ஒளிந்த நீலம்

குருவி வியாபாரத்தில் பொய் நிற்காது. பதினெட்டே நாளில் முட்டை பொரிந்து, குஞ்சே வெளியே வந்து சாட்சி சொல்லிவிடும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு, வாங்க வந்தவர் எதிரில் திருதிருவென்று விழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

அறுபதுகளின் தொடக்கம் அது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுக்காரர் சூசைக்குக் கடிகாரம் பழுது பார்க்கும் கடை. பதினெட்டு வருஷமாக அந்தக் கடைக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொண்டிருந்தவள் நான். நான்கு சுவரிலும் அவருடைய கடிகாரங்கள். அதில் ஒரு சுவராவது எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. லவ் பேர்ட்ஸ் விற்கப் போகிறேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை. தெற்குச் சுவருக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்துவிட்டு, "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. தொழில் பிடிபட்டா சுவரு உனக்கு. இல்லேன்னா பெஞ்சும் ஊட்டுக்கு" என்றார்.

யார் அப்பன்?

பச்சை ஆண், மஞ்சள் பெண். இது நானே கண்டுபிடித்த சாஸ்திரம். பரமத்தி வேலூரிலிருந்து வந்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவருக்கு அப்படித்தான் ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கூண்டோடு வந்து இறங்கினார். கூண்டில் இரண்டு பானை. பச்சை ஒன்றில் அடைகாக்கிறது, மஞ்சள் இன்னொன்றில் அடைகாக்கிறது. "ஏனுங் அம்மிணி, சோடீன்னீங்க. ரெண்டுமே முட்டை வெச்சிருக்குதுங்களே, இதுல ஆருங்க அப்பன்?" என்று அடக்கமாகக் கேட்டார்.

மெட்ராஸ் மொத்த வியாபாரிக்குக் கார்டு போட்டேன். அலகுக்கு மேலே இருக்கும் மூக்குச் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண், இறகு நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பதில் வந்தது. நானோ அந்தப் பழுப்பை அழுக்கு என்று நினைத்து, தினமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கொடிக்கால்காரருக்கு நீல மூக்கு மாப்பிள்ளை ஒன்றைப் பிடித்து, மூக்கைக் காட்டி விளக்கிக் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குருவிங்க தேவலைங்க. எங்கூர்ல மூக்க ஆருங்க பாக்குறா, மூக்குத்தியத்தான் பாக்குறாங்க."

பெயரில் இருந்த வில்லங்கம்

பக்கத்துத் தெரு வெல்லமண்டிக்காரர் ஒருவர் நாலு நாள் வந்து நின்று பார்த்தார். ஐந்தாம் நாள் பெயரைக் கேட்டார். "லவ் பேர்ட்ஸ்" என்றேன். கூண்டைத் தொட்ட கையைப் படக்கென்று எடுத்துக்கொண்டார். "கண்ணாலத்துக்குப் பொண்ண வெச்சிருக்கிற ஊடும்மா. லவ்வெல்லாம் வேண்டாம், வேற பேரு இருந்தா சொல்லு, வாங்கிக்கிறேன்."

பிரித்து வைத்த பாவம்

மெட்ராஸிலிருந்து ஒரு பச்சை ஜோடி வந்தது. சீட்டில் 'இரண்டும் பச்சை, ஸ்பிளிட் நீலம்' என்று எழுதியிருந்தது. மகளின் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினேன். ஸ்பிளிட் என்றால் பிளப்பது, பிரிப்பது. வியாபாரி அவ்வளவு தூரம் எழுதியிருக்கிறார், காரணம் இல்லாமலா இருக்கும்? ஆளுக்கொரு கூண்டில் பிரித்து வைத்தேன். ஆண் குருவி கம்பியைக் கடித்துக்கொண்டு எதிர்க் கூண்டையே பார்த்துக் கத்தும். பெண் தினையைத் தொடாது. எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் தொழில் என்று வந்தால் கண்டிப்பாக இருக்க வேண்டுமே என்று இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

'நீலம் எப்போது வரும்?' என்று கார்டு போட்டதற்கு வந்த பதிலை என் வீட்டுக்காரர்தான் படித்தார். ஸ்பிளிட் என்றால் வெளியே பச்சை, உள்ளே நீலம் மறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டும் அப்படியிருந்தால், பிறக்கிற குஞ்சு நாலில் ஒன்று நீலமாக வரலாமாம். தயவுசெய்து சேர்த்து வைக்கவும் என்று அடிக்கோடு வேறு. அவர் கார்டை மடித்து என் கையில் கொடுத்தார். "கல்யாணமான ஜோடிய ரெண்டு மாசமாப் பிரிச்சு வெச்சிருக்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா, மறக்காம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரு."

உள்ளே ஓடும் நூல்

ஜோடியைச் சேர்த்துப் பானையும் கட்டிவிட்டேன். ஆனால் பச்சைக்குள் நீலம் எப்படி ஒளியும்? எனக்கே விளங்கவில்லை. "பச்சைக்குப் பச்சைதான் பொறக்கும். மெட்ராஸ்காரன் உன் தலையில மொளகா அரைக்கிறான்" என்றார் வீட்டுக்காரர். அப்போது இளம்பிள்ளைத் தறிக்காரர் ஒருவர் தன் சுவர்க்கடிகாரத்தை வாங்கிப்போக வந்து காத்திருந்தார். "இதுல என்னங்க அதிசயம்? நீளவாக்குல ஓடுற பாவு நீலம், குறுக்கால போடுற ஊடை பச்சைன்னு வெச்சுக்குங்க. ஊடைய நெருக்கி அடிச்சா சீலை பச்சையாத்தானுங்க தெரியும். அதுக்காக உள்ள ஓடுற நீலம் இல்லாமப் போயிருமுங்களா?" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கின சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. "இந்தப் பானையில ஒரு நீலக் குஞ்சாவது வரலேன்னா பெஞ்ச நானே தூக்கிட்டுப் போயிடறேன்" என்று கடை நடுவில் நின்று சொன்னேன். என் வீட்டுக்காரர் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, நீ சொன்னத அத்தனை கடிகாரமும் கேட்டுக்கிச்சு."

ஐந்தாவது குஞ்சு

ஐந்து முட்டை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொரிந்தன. முதல் குஞ்சுக்கு முள்முள்ளாக இறகு கிளம்பியது. பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதும் பச்சை. நாலில் ஒன்று என்றால் நாலாவதுதான் நீலம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதுவும் பச்சையாகவே வந்தது. நாலில் ஒன்று என்பது வாய்ப்பு, வரிசை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. மிச்சம் ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கோயிலில் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டு, "தாயே, உன் முக்காட்டு நிறத்தைத்தானே கேட்கிறேன், வேறென்ன கேட்டேன்" என்று அழுதேவிட்டேன்.

அன்று மத்தியானம் சோற்றுத் தூக்கோடு கடைக்குப் போனால், அவர் வேலை மேஜையில் ஆள் இல்லை. என் பெஞ்சின் மேல் ஏறி நின்று, கடிகாரத்துப் பல்சக்கரம் பார்க்கிற கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையில் ஐந்தாவது குஞ்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இந்தத் திருட்டுப் பார்வை நடக்கிறதோ தெரியாது. நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன்மார்களுக்கு மஞ்சளாக இருந்த முகம் இதற்கு வெள்ளை. முதுகு முட்களின் நுனியில் மயில்துத்தம் தொட்டு வைத்த மாதிரி நீலம். தூக்கைக் கீழே வைக்கக்கூட மறந்து அப்படியே நின்றேன். அவர் குஞ்சைப் பதமாகப் பானைக்குள் விட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பெஞ்சிலிருந்து இறங்காமலே தெற்குச் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "பிலோமி, எந்தக் கடிகாரத்த மொதல்ல எறக்கட்டும்?"

பதினெட்டு வருஷம் சோறு சுமந்தும் கிடைக்காத சுவர் பதினெட்டு நாளில் பொரிந்த ஒரு முட்டையால் கிடைத்தது, அதையும் நான் இடவில்லை.