ஜன்னலோரக் கட்டிலின் மெத்தை

அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸுக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. சிஸ்டர். அவர் காதுபடவே சொல்வார்கள்; அவரும் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டிலும் அதே கதைதான். கணவர் வேலை முடிந்து வந்தால், "செருப்பை எங்க விட்டீங்க? கை கழுவியாச்சா?" என்ற விசாரணை முடிந்த பிறகுதான் தண்ணீரே கிடைக்கும். "கல்யாணமான நாள்லேர்ந்து ஜாமீன்லதான் இருக்கேன்" என்று அவர் சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த தச்சருக்கு வயிற்றுத் தையலில் சீழ் பிடித்தது. அவர் வீட்டுக்குப் போன பிறகு அதே கட்டிலுக்கு வந்த பள்ளி ஆசிரியைக்கும் பிடித்தது. அந்த அம்மாவின் கட்டைப் பிரித்தபோதே சிஸ்டர் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மற்றக் கட்டில்காரர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

முதல் சந்தேகம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பட்டைமேல். கட்டில் கட்டிலாகச் சுற்றுகிற சாமான் அது. ஒவ்வொருவருக்குக் கட்டும் முன்பும் துடைக்கச் சொன்னார். அடுத்து, டாக்டர் கை கழுவுவதைக் குழாயடியில் நின்று பார்த்தார்.

"என்னம்மா, என்மேலயே கண்ணா?"

"எல்லார்மேலயும்தான் டாக்டர்."

கடைசியில் கண் துப்புரவு செய்யும் அக்காமேல் விழுந்தது. அக்கா சிஸ்டரைவிட மூத்தவர். வாயைத் திறப்பதே அபூர்வம். ஆசிரியையை வேறு அறைக்கு மாற்றிய பிறகு, காலியான கட்டிலை அக்கா துடைக்க வந்தார். சிஸ்டர் மறைப்புத் துணிக்குப் பின்னால் மூச்சு காட்டாமல் நின்றார். கம்பி, அலமாரி, பிறகு மெத்தையின் தண்ணீர் புகாத ரெக்ஸின் உறை. கையிலிருந்த துணி மட்டும் மற்றக் கட்டில்களைத் துடைத்ததல்ல, வேறு நிறம். சிஸ்டர் வெளியே வந்துவிட்டார்.

"இந்தக் கட்டிலுக்கு மட்டும் ஏன்க்கா வேற துணி?"

"சீழ் வைக்கிற கட்டில்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் புதுசா எடுத்தேன்."

"இதுக்கு முன்னாடி?"

அக்கா துணியை வாளியில் போட்டார். "ஒளிஞ்சு நின்னு பாக்குறதுக்கு முன்னாடி நேர்லயே கேட்டிருக்கலாம் சிஸ்டர். நான் என்ன திருடியா?"

வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டருக்கு முகம் சுண்டியது; ஆனால் சந்தேகம் போகவில்லை. வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தார். தானே துடைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு. ஜன்னல் பக்கம் எட்டாததால் மெத்தையில் ஒரு முழங்காலை ஊன்றினார். முழங்காலுக்குப் பக்கத்தில், துணியே படாத இடத்தில், உறையின்மேல் சொட்டுச் சொட்டாக ஈரம் முளைத்தது.

"அக்கா, இங்க துடைச்சீங்களா?"

"இன்னும் இல்லையே."

இருவரும் சேர்ந்து உறையைக் கழற்றினார்கள். உள்ளே பஞ்சு மஞ்சளும் கறுப்புமாக ஊறிக் கிடந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. அக்கா உறையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நடுவிலே குட்டிக் குட்டித் துளைகள், ஒவ்வொன்றிலும் வெளிச்சம்.

சிஸ்டரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. அதில் எப்போதும் கொத்தாக ஊக்குகள் இருக்கும். வயிற்றிலிருந்து கெட்ட நீர் வடிகிற குழாய் இழுபடாமலிருக்க, அதைப் படுக்கை விரிப்போடு சேர்த்து ஊக்கு குத்துவது இந்த வார்டின் வழக்கம். பழக்கிவிட்டவர் சிஸ்டர்தான். ஊக்கு விரிப்போடு நின்றதா, உறையையும் துளைத்ததா என்று இத்தனை சந்தேகக்காரி ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

பஞ்சில் இருந்த கிருமியும் ஆசிரியையின் புண்ணில் இருந்ததும் ஒன்றே என்று பரிசோதனைக்கூடம் சொன்னது. டாக்டரிடம் சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை. வார்டின் எல்லா மெத்தைகளும் திறக்கப்பட்டன, ஊறிப்போனவை வெளியேறின. புது உறைகள் வந்தன, ஊக்குக்குப் பதில் ஒட்டுப்பட்டை வந்தது. ஆசிரியை தேறி வீட்டுக்குப் போனார். ஜன்னலோரக் கட்டிலில் அதற்குப் பிறகு படுத்தவர்களுக்குத் தையல் ஒழுங்காக ஆறியது.

அக்கா மட்டும் "சரி சிஸ்டர்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மத்தியானம் சிஸ்டர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது அவரே வந்து நின்றார்.

"மூலைக் கட்டில் உறையில தையல் விட்டிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. வந்து பாருங்க."

சிஸ்டர் பாத்திரத்தை மூடிவிட்டுக் கூடவே போனார். கட்டிலருகே குனிந்தபோது, "அக்கா, அன்னிக்கு நான் அப்படி..." என்று ஆரம்பித்தார்.

"அதை விடுங்க," என்றார் அக்கா. "அந்தப் பக்கம் ஜிப்பை இழுங்க."