தொழுதுவிட்டு வந்தால் நின்றுபோகும் கார்

மீராமுகைதீனும் மகள் அஸ்மியாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை காரின் பின்னாசனத்தைக் கழற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சாய்ந்தமருது வீட்டு வாசலில் அது நடந்தது. ஆசனத்துக்கு அடியில் இருந்த மூடியைத் திறந்து, பெற்றோல் மணம் மூக்கில் ஏற, அவள் கைபேசி வெளிச்சத்தில் புதுப் பம்பின் இலக்கத்தை வாசித்தாள். அவர் வெளியே நின்று கொப்பியில் எழுதினார்.

“கடைசி எழுத்து?”

“பி, வாப்பா.”

“பழசுல?”

“ஏ.”

“இன்னொருக்கா வாசி.”

“ரெண்டு தரம் வாசிச்சாச்சி. பம்ப மாத்தினதெண்டு கம்பனி கடதாசியும் தந்திருக்கு. பிறகென்ன?”

“கடதாசி கம்பனிட வாய். பம்பு தன்ட வாயால செல்லட்டும்.”

மூன்றாம் தரமும் வாசித்தாள். இலக்கம் சரியாக இருந்தது. ஆசனத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். வியாழக்கிழமை விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு அவர் எழும்பவில்லை. அறுபத்தாறு வயது. மாரடைப்பு என்றார் டொக்டர். 

முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். வாய்க்கால் காவலாளியாகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசுக் கதவு அரை அடி திறந்திருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவர்கள் போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். வயல் சொந்தக்காரப் போடிமார் அவருக்குச் ‘சந்தேகக்காரன்’ என்று பட்டம் வைத்தார்கள். வாய்க்கால் கடைசியில் கிடந்த வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது அவர் காலத்தில்தான் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

நீர்மட்டத்தைக் குறிக்க அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் அவர் மணி எழுதியதில்லை. சுபஹுக்குப் பின், ளுஹருக்கு முன், மஃரிப் தொழுது வந்து என்று தொழுகை வக்தைத்தான் எழுதுவார். திணைக்களப் படிவத்துக்கு மட்டும் அதை மணியாக மாற்றிக் கொடுப்பார். ஓய்வு பெற்றதோடு படிவம் போனது, வக்து போகவில்லை. காஸ் சிலிண்டர் மாற்றியதும் மனைவியின் மருந்து முடிந்ததும் வக்துக் கணக்கில்தான் கொப்பியில் ஏறின.

மனைவி றுகையாவுக்காகத்தான் கார் வந்தது. அவளுக்குச் சிறுநீரகம் பழுது. புதனும் சனியும் மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். திரும்பும்போது பிழிந்துபோட்ட துணிபோல இருப்பாள். பஸ்ஸில் கூட்டிவர முடியாது. ஆகவே புதுக் கார் எடுத்தார், மூன்று வருட வொரண்டியோடு.

மூன்றாம் வருடம் தொடங்கிச் சில கிழமைகளில் அது முதல் தரம் நின்றது. மட்டக்களப்பிலிருந்து வரும் வழியில் காத்தான்குடிப் பள்ளியில் இறங்கி அஸர் தொழுதிருக்கிறார். றுகையா காரிலேயே சாய்ந்திருந்தாள். அவர் வந்து காரை எடுத்து, ஆரையம்பதி தாண்டிய நேரம் எஞ்சின் மூச்சு விடாமல் அணைந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே விலகியதில் பக்கக் கண்ணாடி பறந்தது. றுகையா சாகப்போகிறவள்போலக் கலிமாவை ஓதத் தொடங்கிவிட்டாள். அரை மணித்தியாலம் கழித்துச் சாவியைத் திருப்பினால், கார் ஒன்றும் நடக்காததுபோல எழும்பியது.

“எனக்கு மௌத்து வாறது ஆஸ்பத்திரியில எண்டு நினைச்சிருந்தன். ரோட்டிலயா தரப் பாக்குறீங்க?” என்று அன்று வீட்டில் கேட்டாள் றுகையா.

“தரமாட்டன்” என்றார் அவர்.

அடுத்த நாளே கம்பனியின் மட்டக்களப்புக் கிளைக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் பதிவாகியிருக்கவில்லை. எந்த ஷெட்டில் பெற்றோல் அடிக்கிறீர்கள் என்று கேட்டு, கழுவித் துடைத்துத் தந்தார்கள். அந்தக் கிழமையே மறுபடி நின்றது. பிறகு இரண்டு கிழமை ஒன்றுமில்லை. பிறகு ஒரே நாளில் இரண்டு தரம். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார்.

அஸ்மியா இயந்திரவியல் படித்தவள். அரிசி ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்தும் கம்பனியில் வேலை. குறை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. வாப்பாவின் கொப்பியைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

“வாப்பா, ‘அஸர் தொழுதுட்டு வந்து நிண்டது’ எண்டா கம்பனிக்காரனுக்கு என்ன விளங்கும்? அஸர் மாசத்துக்கு மாசம் மாறுதுதானே.”

“பள்ளிக் கலண்டர்ல இருக்கு. பாத்து மாத்து.”

அவள் மாற்றினாள். பள்ளிவாசல் நேர அட்டவணையை வைத்து, பதினொரு பதிவையும் திகதி, மணி, நிமிடம் என்று கட்டம் போட்டு எழுதினாள். வெயிலின் அளவு, ஓடிய மைல், டேங்கில் இருந்த பெற்றோல் எல்லாவற்றையும் சேர்த்தாள். தொழுகையைப் பற்றிய சொற்களை நீக்கினாள். அழகான அறிக்கை. அதைக் கம்பனிக்கு அனுப்பினாள்.

கம்பனி காரை இரண்டு நாள் வைத்திருந்து, அறுபது மைல் ஓட்டிப் பார்த்தது. அறிக்கையில் உள்ள நேரங்களில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை, குறை காணப்படவில்லை என்று எழுதித் திருப்பித் தந்தது.

அன்றிலிருந்து றுகையாவை அந்தக் காரில் ஏற்ற மறுத்தார். தெரிந்த வேன்காரனைப் பிடித்துக் கொண்டுபோனார். வெறும் காரை மட்டும் தானே ஓட்டினார், நிற்கிறதா என்று பார்க்க. நின்றது. எழுதினார். வொரண்டியில் எட்டு மாதம் மிச்சம் இருந்தது.

அஸ்மியா இணையத்தில் தேடினாள். வேறொரு நாட்டில் இதே காருக்கு, காரைச் செய்த கம்பனி தன் முகவர்களுக்கு அனுப்பிய அறிவித்தல் ஒன்று அகப்பட்டது. டேங்குக்குள் இருக்கும் பெற்றோல் பம்பின் பிளாஸ்டிக் சக்கரம் சூட்டில் வீங்கி இறுகுகிறது. குறித்த தொடர் இலக்கக் கார்களுக்குப் பம்பை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அவர்களுடைய காரின் இலக்கமும் அந்தத் தொடருக்குள் வந்தது.

“அப்ப இது சுற்றுநிருபம்” என்றார் மீராமுகைதீன். அவருடைய முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. சுற்றுநிருபம் அவருக்குப் பழகிய பிராணி. “சுற்றுநிருபம் தன்டபாட்டுல கடதாசிக் கோவைய விட்டு வெளிய வராது, மகள். இலக்கத்தச் சொல்லிக் கேட்டாத்தான் வரும். இலக்கம் என்ன?”

அவள் இலக்கத்தைச் சொன்னாள். பிறகு முழுவதையும் தமிழில் சொல்லச் சொன்னார். அவள் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தொழில்நுட்பவியலாளர் குறையைத் தானே கண்டால்தான் பம்பு மாற்றலாம். காண்பதற்கான முறை: எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டவும். நிறுத்தவும். பதினைந்து முதல் முப்பது நிமிடம் விடவும். மீண்டும் ஓட்டவும்.

அவள் அந்த வரியில் நின்றுவிட்டாள்.

அவர் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு பதிவாக விரலை வைத்து நகர்த்தினார். தொழுதுவிட்டு வந்து. தொழுதுவிட்டு வந்து. எல்லாமே அப்படித்தான். ஓடி வந்த சூட்டோடு பள்ளிவாசலில் நிறுத்துவது, இருபது நிமிடம் தொழுவது, திரும்ப எடுப்பது. கம்பனிக்காரன் அறுபது மைலை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறான். அவன் கார் எப்படி நிற்கும்?

“நான்தான் அதெல்லாத்தையும் வெட்டிப் போட்டன்” என்றாள் அஸ்மியா.

“நீ படிச்ச மாதிரி எழுதின. நானும் அது வக்தெண்டுதான் நினைச்சன். காருக்கு அதுதான் வருத்தமெண்டு எனக்கும் தெரியல்ல.” கொப்பியை மூடினார். “போய்க் காட்டுவம்.”

மூன்றாம் முறை போனபோது அஸ்மியாவும் லீவு போட்டுக் கூடப் போனாள். போர்மன் பேரின்பராசா மட்டக்களப்புக்காரர். வேலை தெரிந்தவர், வாய்க்கொழுப்பும் கொஞ்சம் உண்டு. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஹாஜியார், உங்கட காருக்குத் தொழுகையெண்டா ஆகாது போல இருக்கே.”

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு, தம்பி. வாங்க, கேட்டுப் பாப்பம்.”

“நான் கோயிலுக்குப் போற ஆள்.”

“பள்ளிக்குள்ள வரத் தேவல்ல. ளுஹர் வரைக்கும் ஓட்டுவம். பள்ளியடியில நிப்பாட்டுவம். நான் தொழுதுட்டு வருவன். நீங்க காருக்குள்ள இருங்க. எஞ்சின் மூடிய மட்டும் திறக்கப்படாது, சூடு ஆறிரும்.”

போர்மனுக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்க வேண்டும், ஒத்துக்கொண்டார். பெற்றோல் குழாயில் அமுக்கமானியைப் பொருத்தி, முள் காட்டும் அதன் முகப்பை அஸ்மியாவின் மடியில் தந்தார்கள். கடற்கரை வீதியில் ஒரு மணித்தியாலம் ஓட்டினார்கள். காத்தான்குடிப் பள்ளியடியில் நிறுத்தினார்கள். மீராமுகைதீன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சியது.

“இருபத்தாறு நிமிசம்” என்றார் பேரின்பராசா, அவர் வந்ததும். “நீட்டித் தொழுதீங்களோ?”

“எண்டைக்கும் மேலதிகமாத் தொழுற சுன்னத்துத்தான். இண்டைக்குக் கொஞ்சம் ஆறுதலா.”

பேரின்பராசாவே ஓட்டினார். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாம் நிமிடம் அஸ்மியா பார்த்துக்கொண்டிருந்த முள் நடுங்கியது. “இறங்குது” என்றாள். அது விழுந்தது. எஞ்சின் அணைந்தது. பின்னால் மண் ஏற்றிய டிப்பர். போர்மன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்து, காரை ஓரத்து மணலில் புதைத்தார். டிப்பர் காற்றை அடித்துக்கொண்டு போனது. 

“ஐயோ ஹாஜியார்” என்றார் பேரின்பராசா. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “அம்மாவையும் வெச்சுக்கொண்டா இதுல போனீங்க?”

“அதுக்குத்தானே தம்பி மூணு தரம் வந்தன்.”

மீராமுகைதீன் சட்டைப்பையிலிருந்து சுற்றுநிருப இலக்கத்தை எடுத்து நீட்டினார். பேரின்பராசா அதை வாசித்து, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை. அன்றே கொழும்புக்கு எழுதினார். பம்பு வர ஆறு கிழமை எடுத்தது. ஆறு கிழமையும் மீராமுகைதீன் ஒவ்வொரு திங்களும் அவருக்குப் போன் எடுத்தார். சண்டை பிடிக்கவில்லை, மன்றாடவுமில்லை. “மீராமுகைதீன் கதைக்கிறன். பம்பு எங்க வந்திருக்கு?” அவ்வளவுதான். கடைசிக் கிழமைகளில் பேரின்பராசா போனை எடுத்ததும் “துறைமுகத்துல, ஹாஜியார்”, “கொழும்புல, ஹாஜியார்” என்று முந்திக்கொண்டார்.

பம்பு பூட்டிய அன்று காரை ஒப்படைக்கும்போது, பேரின்பராசா தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். அந்தத் தொடரில் இந்தக் கரைக்கு வந்தது இரண்டே இரண்டு கார். மற்றது அட்டாளைச்சேனையில், காலிதீன் என்பவருடைய பெயரில். கொடுத்திருக்கும் தொலைபேசி வேலை செய்யவில்லை. கொழும்பிலிருந்து கடிதம் போகும்.

“எப்ப போகும்?” என்று கேட்டார் மீராமுகைதீன்.

“போகும், ஹாஜியார்.”

“விலாசத்தத் தாங்க.”

“அது தரப்படாது.”

“அப்ப தராதீங்க. ஊரச் சொல்லிட்டீங்க, பேரச் சொல்லிட்டீங்க. போதும்.”

திங்கட்கிழமை காலை பஸ் ஏறி அட்டாளைச்சேனைக்குப் போனார். மூன்று கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். கேற் பூட்டியிருந்தது. காலிதீன் கட்டாரில் என்றும், அவருடைய மனைவி நஜ்லா படிப்பிக்கிறாள் என்றும் அயல்வீட்டுக்காரர் சொன்னார். காலையில் பிள்ளைகள் இருவரையும் காரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் உம்மாவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஒலுவிலுக்கு வேலைக்குப் போகிறாளாம். மீராமுகைதீன் செவ்வாய்க்கிழமையும் போனார். அன்றும் பூட்டு. சனிக்கிழமை வீட்டில் நிற்பாள், அதற்கு முன் கண்டால் நானே சொல்லிவிடுகிறேன் என்றார் அயல்வீட்டுக்காரர்.

“ஒரு காயிதத்த எழுதிக் கேற்றுல செருகிட்டு வந்திருக்கலாமே, வாப்பா” என்றாள் அஸ்மியா அன்று இராச்சாப்பாட்டில்.

“காயிதம் செருகினா எனக்கு வேல முடிஞ்ச மாதிரி இருக்கும். அவக்கு முடிஞ்சிருக்காது.” மீனின் முள்ளை எடுத்து வைத்தார். “சூட்டோட நிப்பாட்டி, கால் மணித்தியாலத்தால எடுக்கிறா. புள்ளைகள இறக்கிட்டு உம்மாட வீட்டுல நிப்பாட்டி எடுக்கிறாதானே. என்ன செல்லுறனெண்டு அவக்கு விளங்கினத நான் காணணும். சனிக்கிழமை உன்ட உம்மாவ ஆஸ்பத்திரியால கொண்டுவந்து விட்டுட்டுப் போறன்.”

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அவரை அடக்கினார்கள். அந்தச் சனிக்கிழமை வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. றுகையாவை யாரோ வேனில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த சனிக்கிழமை அஸ்மியா காரை எடுத்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள் றுகையா. வைத்தியத்துக்கு மட்டுமே படி இறங்குவாள். முகத்தை மூடி, பின்னாசனத்தில் சாய்ந்திருந்தாள்.

திரும்பும்போது காத்தான்குடியில் அஸ்மியா நிறுத்தினாள். பெண்கள் பகுதியில் தொழுதுவிட்டு வந்தாள். காரை எடுத்தாள். ஆரையம்பதி போனது. கிரான்குளம் போனது. கார் ஓடிக்கொண்டே இருந்தது.

“நிக்கல்ல” என்றாள் உம்மா, பின்னாலிருந்து.

“ஓம்.”

கல்லாற்றுப் பாலம் தாண்டியது. அதற்குப் பிறகு றுகையா கேட்டாள்:

“அட்டாளைச்சேனைக்காரிக்கிட்டச் செல்லியாச்சா?”

“இல்ல உம்மா.”

“அயல்வீட்டு மனிசன் செல்லியிருப்பாரோ?”

 அவர் சொல்லியிருக்கலாம். யாரும் கண்டதில்லை.

“என்ன வீட்டடியில இறக்கிப் போட்டுப் போ” என்றாள் றுகையா. “இத்தா எனக்குத்தான். உனக்கில்ல.”

“உங்களுக்குத் தலை சுத்தும். ஆர் பாப்பாங்க?”

“படுத்துக் கிடப்பன். படுக்கிறதுக்கு ஆள் வேணுமா? போ மகள்.”

வாசலில் இறக்கி, கைத்தாங்கலாகக் கட்டில்வரை கொண்டுபோய் விட்டு, அவள் காருக்குத் திரும்பி வந்தாள். மணி ஐந்து. அட்டாளைச்சேனைக்கு அரை மணித்தியாலம். கடை மூன்றில் விசாரிக்க வேண்டும். வீடு எந்த ஒழுங்கையில் என்று அவர் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நஜ்லா என்ற அந்தப் பெண்ணை வாசலுக்குக் கூப்பிட்டு, காரின் இலக்கத்தை வாங்கி, பம்பைப் பற்றிச் சொல்லி, திங்கட்கிழமை மட்டக்களப்பில் பேரின்பராசாவிடம் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். அதுவரை பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்பச் சொல்ல வேண்டும். அவளுக்கு விளங்கிவிட்டது என்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பலாம்.